கரிசல் காலங்கள் – 23: வித்துக் கம்பு

சித்திரபானு வருஷம் புரட்டாசி. ஆங்கிலக் கணக்கில் 1942 செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கிற சமயம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கரிசல் ஊர். அங்கே ஒரு சம்சாரி வீடு. பத்து ஏக்கர் மானாவாரிப் புஞ்சை, ஓர் ஏர் மாடு, ஒரு கறவை எருமை, ஏழு வாய். வீட்டின் உள்மூலையில் ஆள் உயரத்துக்கு மண் குலுக்கை. வீட்டுக்கார அம்மாள் முக்காலிமேல் ஏறி, வலது கையைத் தோள்வரை குலுக்கைக்குள் விட்டுத் துழாவுகிறாள். விரல் நுனியில் தானியம் தட்டுப்படுகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பதை அவள் படி வைத்து அளக்க வேண்டியதில்லை. கை எவ்வளவு ஆழம் போகிறதோ அதுதான் கணக்கு. அன்றைக்குக் கை தோள்வரை போய்விட்டது.

குலுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மண் பானை. வாயில் சாணி மெழுகி, வேப்பிலை செருகி மூடியிருக்கும். அதில் இருப்பது வித்துக் கம்பு. போன தையில் களத்தில் கதிர் அறுத்துப் போட்டபோதே நீளமும் பருமனும் பார்த்துத் தனியாக ஒதுக்கிய கதிர்களின் மணி. அந்தப் பானையை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

இந்த வீட்டை இன்ன ஊர், இன்ன தெரு என்று கைகாட்டிச் சொல்ல முடியாது. யுத்த காலத்தில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துச் சிறு சம்சாரிகள் எப்படி வாழ்ந்தார்களோ, அந்த வாழ்க்கையைத் திரட்டி ஒரு வீடாக்கி வாசகர்முன் வைக்கிறேன். வீடு நான் கட்டியது. அதைச் சுற்றி அடித்த காற்று உண்மையானது.

போன அத்தியாயத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையைப் பார்த்தோம். அடுத்த ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கிவிட்டது. அந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தத் தீப்பெட்டி சுற்றுவட்டாரச் சம்சாரி வீட்டின் திண்ணைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மழை இல்லை, ஆகவே தொழில் வந்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். கரிசலுக்கு மழை என்றைக்குமே குறைவுதான். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 80 சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விழுந்துவிடும். அந்த மூன்று மாதம் பொய்த்தால் வருஷம் பொய்த்தது. இது காலங்காலமாக இருந்த நிலை. 1939-க்கும் 1945-க்கும் நடுவே வேறு சிலவும் பொய்த்துப்போயின. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

மழை பொய்த்தால் கரிசல்காரனுக்கு மூன்று வாசல்கள் இருந்தன. ஒன்று, கண்டிச் சீமை. தேயிலைத் தோட்டத்துக்குப் போவது. இரண்டாவது, மலேயா ரப்பர்க் காடு. மூன்றாவது, பர்மா. அங்கே வட்டிக்கடை வைத்தவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள். மூட்டை தூக்கியவர்களும், ரங்கூன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர்களும், பெட்டிக்கடை வைத்தவர்களும் தமிழ், தெலுங்கு நாட்டு ஏழைகள். வீட்டில் ஒருவன் கப்பல் ஏறினால் மற்றவர்களுக்குக் கஞ்சி. மாசத்துக்கு ஒரு மணியார்டர் வந்தால் தீர்வை கட்டலாம், மாடு வாங்கலாம்.

இந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1938-இல் மலேயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1939 ஆகஸ்டில் இலங்கைக்குப் போவதற்கும் தடை வந்தது. இரண்டுக்கும் காரணம் அங்கே நம் ஆட்களின் கூலியும் உரிமையும் குறித்து எழுந்த சச்சரவு. தடை போட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கரிசல் ஊரில் இருந்து பார்த்தவனுக்கு அது கதவு சாத்திய சத்தம். அடுத்த மாதமே, செப்டம்பர் 3-ஆம் தேதி, இந்தியாவும் யுத்தத்தில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார். யாரையும் கேட்கவில்லை. அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. அதன்பின் கவர்னரும் ஆலோசகர்களும் ஆண்டார்கள்.

மூன்றாவது வாசல் நெருப்பில் அடைபட்டது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் போயிற்று. மார்ச் 8-இல் ரங்கூனும் போயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவிலிருந்து காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் தோளில் ஒரு துணிமூட்டையோடு வந்தார்கள். போனபோது பிள்ளையாக இருந்தவன் ஆளாகித் திரும்பினான், ஆளாகப் போனவன் கிழவனாகத் திரும்பினான். வந்தவனுக்கும் ஒரு வாய் கூழ் ஊற்ற வேண்டும். நாம் பார்க்கிற வீட்டில் ஏழு வாய் என்றேனே, அதில் ஏழாவது வாய் அப்படி வந்த கொழுந்தன்.

ரங்கூன் போனதும் அரிசி போயிற்று. பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேலாக அரிசி வந்துகொண்டிருந்தது. அதில் நல்ல பங்கு சென்னை மாகாணத்துக்கு. நம் கரிசல்காரன் அரிசி தின்றவன் இல்லையே, அவனுக்கு என்ன என்று தோன்றலாம். உண்மைதான், அவன் வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்மங்கூழ், சோளச்சோறு, குதிரைவாலி, கேப்பைக் களி. ஆனால் விருதுநகரிலும் மதுரையிலும் அரிசி குறைந்தால் டவுன்காரன் கம்புக்கும் சோளத்துக்கும் கை நீட்டுவான். நீட்டினான். கம்பு விலை ஏறியது. விற்கிறவனுக்கு அது லாபம். ஆனால் பத்து ஏக்கர்க்காரன் தையில் கம்பு விற்பான், ஆவணியில் கம்பு வாங்குவான். அவன் விற்கும்போது ஒரு விலை, வாங்கும்போது அதைப்போல் ஒன்றரை பங்கு.

புரட்டாசியில் அந்த வீட்டில் நடந்த பேச்சு இதுதான்: பத்து ஏக்கரில் எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் கம்பு?

கரிசல் என்றால் பருத்தி. கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணின் பிள்ளை. ஐப்பசியில் விதைத்தால் மாசியில் வெடிக்கத் தொடங்கும், ஆனி வரைக்கும் எடுக்கலாம். ஆணிவேர் ஆழப் போகும், மேல்மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தாலும் அடியில் இருக்கிற ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பருத்திக்காகவே 1901-இல் கோவில்பட்டியில் அரசாங்கம் ஆராய்ச்சிப் பண்ணை வைத்தது. இந்தப் பருத்திக்காகத்தான் விருதுநகரிலும் சாத்தூரிலும் பஞ்சுப் பேட்டைகள் தழைத்தன. சம்சாரிக்குக் கையில் காசு என்று வருவது பருத்தியால்தான். தீர்வை, துணி, கல்யாணம், காது குத்து, கோர்ட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். எடுத்த பருத்தி போக, விதை மாட்டுக்கு, காய்ந்த மார் அடுப்புக்கு.

ஆனால் 1941 ஜூலையில் ஜப்பானோடு இருந்த வணிகம் முடங்கியது. இந்தியக் குட்டை இழைப் பருத்தியைப் பெருமளவில் வாங்கியவன் ஜப்பான்காரன். கருங்கண்ணி வடநாட்டுக் குட்டை ரகங்களைவிட மேலானது, நம் பக்கத்து ஆலைகளும் அதை வாங்கின. ஆலைகளுக்கு ராணுவத் துணி நெய்ய நூல் வேண்டியிருந்தது. ஆனாலும் சந்தை என்பது ஒரே குளம். ஒரு கரையில் கல் விழுந்தால் மறுகரையில் அலை தட்டும். ரயில் வண்டிகள் பட்டாளத்துக்கும் தளவாடத்துக்கும் போய்விட்டன. பேல்கள் ஸ்டேஷனில் காத்துக் கிடந்தால், கமிஷன் கடைக்காரர் சம்சாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். 1942 ஏப்ரலில் டில்லியில் கூடிப் பேசி, உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று அரசாங்கம் பிரசாரம் தொடங்கியது. பருத்தியைக் குறை, தானியம் போடு என்பதுதான் சாரம். அடுத்த சில வருஷங்களில் நாடு முழுக்கப் பருத்திப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கம்பு போட்டால் வீட்டுக்குக் கஞ்சி, மாட்டுக்குத் தட்டை. தையிலேயே கைக்கு வந்துவிடும். ஆனால் தானியத்துக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை வைக்கும், மிச்சத்தைக் கொள்முதல் என்று கேட்கும். பருத்தியை யாரும் தின்ன முடியாது, ஆகவே யாரும் பிடுங்க முடியாது. ஆனால் பருத்தி விலை ஜப்பான்காரன் கையில், கப்பல் கையில், ரயில் கையில். எதைப் போட்டாலும் ஒரு பயம். அந்த வீட்டில் மாமியாருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1876-இல், அவள் பத்து வயதுப் பிள்ளை. மற்றவர்கள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏலே, காசத் திங்க முடியுமா? தாது வருஷத்துல கையில காசு இருந்தவனும்தான் செத்தான். வாங்குறதுக்குத் தவசம் இல்ல.”

“ஆத்தா, தீர்வைக்கு என்ன செய்ய? முன்சீப்பு கம்பையா வாங்கிக்கிடுவாரு?”

“அதுக்கு எருமைய வில்லு. வித்தத் தொட்டா வீடு நிக்காது.”

ஆறு ஏக்கர் கம்பும் சோளமும், நான்கு ஏக்கர் பருத்தி, ஊடே உளுந்தும் தட்டாம்பயறும் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வருஷங்களில் அது நேர்மாறாக இருந்தது. பஞ்சத்தைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது, அவர்கள் பேச்சு வீட்டுக்குள் எடுபட்டது. கரிசல் ஊர்களின் யுத்த கால வரலாற்றில் இதற்கு நான் பெரிய இடம் கொடுப்பேன். அறுபத்தாறு வருஷத்துக்கு முந்தைய பசி, ஒரு கிழவியின் வாய் வழியாக, 1942-இன் விதைப்பில் பங்கெடுத்துக்கொண்டது.

விதைக்க ஏர் பூட்டியபோதுதான் அடுத்த இடி. கொழு தேய்ந்துவிட்டது. கரிசல் மண் ஈரத்தில் பசை, காய்ந்தால் பாறை. கோடை உழவில் கொழு சீக்கிரம் மழுங்கும். ஆசாரியிடம் கொண்டுபோனால் அடித்துக் கூராக்கித் தருவார், களத்தில் அவருக்குக் கதிர் அளந்தால் போதும். ஆனால் புதிய இரும்பு வேண்டுமே. இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போயிற்று. ஆசாரி பழைய வண்டிப் பட்டையை வெட்டி, பழைய கொழுவோடு ஒட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். வண்டிக்காரனுக்குப் பட்டை தேய்ந்தால் அவன் யாரிடம் போவான்? வண்டியை நிறுத்தி வைத்தான். விருதுநகருக்குப் போகிற பஸ்ஸோ பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடியது. பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதில் கரியைப் போட்டுத் தீமூட்டி, கையால் சக்கரத்தைச் சுழற்றி ஊத வேண்டும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் கரி பஸ்ஸின் பேச்சு எங்கள் வீட்டுக் கிழவர்கள் வாயில் கடைசிவரைக்கும் இருந்தது.

பகலைவிட ராத்திரிதான் மாறிப்போனது. பர்மாவில் அரிசி மட்டுமா இருந்தது, எண்ணெய்க் கிணறும் அங்கேதான். ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று வெள்ளைக்காரனே அதைக் கொளுத்திவிட்டு வந்தான். இங்கே சீமெண்ணெய் மருந்துபோல் ஆயிற்று. அதற்குக் கூப்பன், கூப்பனுக்கு வரிசை, வரிசையின் முடிவில் சில நாள் வெறும் தகரம். சிம்னி விளக்கைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு, மாடக்குழியில் மறுபடி அகல் வைத்தார்கள். புஞ்சை ஓரத்தில் வரப்புக்காக நட்டிருந்த ஆமணக்குக்கு மதிப்பு வந்தது. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் பருத்தித் திரி. மங்கலாக எரியும், மணம் ஒரு மாதிரி. ஆறு மணிக்குள் கூழ் குடித்து, ஏழு மணிக்குள் பாய் விரித்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு சிவப்புக் கயிறு கிடக்கிறது. அதில் மூன்று செம்புக் காசுகள் கோத்திருக்கும். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றி வளையம் மாதிரி. ஓட்டைக் காலணா. 1943 என்று போட்டிருக்கிறது. உலோகத்தை மிச்சப்படுத்த நடுவை வெட்டி எடுத்துவிட்டு அடித்த காசு. ஜனங்கள் கையில் இருந்த பழைய வெள்ளி ரூபாய்கள் மண்ணுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. ரூபாயில் இருந்த வெள்ளி 1940-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது, ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டும் வந்தது. அந்தக் கயிறு என் தகப்பனாருக்குச் சின்ன வயதில் இடுப்பில் கட்டிய அரைஞாண். வெள்ளிக் காசு கட்ட வேண்டிய இடத்தில் ஓட்டைக் காலணா கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, குழந்தை கடித்துக் கடித்து.

கொள்முதலுக்கு வருவோம். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. முப்பது லட்சம் பேர்வரை செத்திருக்கலாம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். கல்கத்தாத் தெருவில் விழுந்து கிடந்தவர்களின் செய்தி நம் ஊருக்கும் வந்தது. 1942 நவம்பரில் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழில் யுத்தச் செய்தி போட்டது. ஊரில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். வங்காளத்தைப் பார்த்துப் பயந்த அரசாங்கம் சென்னை மாகாணத்திலும் பங்கீட்டையும் கொள்முதலையும் இறுக்கியது. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குத் தானியம் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று.

அப்போது இந்தப் பகுதி இராமநாதபுரம் ஜில்லா. 1910-இல் மதுரை ஜில்லாவிலும் திருநெல்வேலி ஜில்லாவிலும் இருந்து வெட்டி ஒட்டிச் செய்தது. கலெக்டர் கச்சேரியோ மதுரையில், இன்னொரு ஜில்லாவின் தலைநகரத்தில் இருந்தது. சாத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கோவில்பட்டி, அது திருநெல்வேலி ஜில்லா. கரிசல் ஒன்று, பேச்சு ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. ஆனால் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாய் வீட்டுக் கம்பு ஒரு மூடை வண்டியில் போட்டு அனுப்பினால் அது கடத்தல். பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் திரும்பிப் போகும்போது ஒரு மரக்கால் கம்பைச் சேலை மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். வழியில் தலையாரியைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகத் திருடியைப்போல் நடந்தாள், தன் அப்பன் புஞ்சையில் தானே களை எடுத்த தானியத்துக்காக. இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது.

கிராம முன்சீப்பும் கர்ணமும் ஒரு நாள் களத்துக்கு வருவார்கள். அளந்து பார்த்து, குடும்பத்துக்கு இவ்வளவு, வித்துக்கு இவ்வளவு, மிச்சம் அரசாங்கத்துக்கு என்று எழுதுவார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் காகிதத்தில் ஏழு வாய்க்குத்தான் கணக்கு. ஆசாரிக்கு அளக்கிற கதிர், வண்ணானுக்கும் நாவிதனுக்கும் அளக்கிற படி, களை எடுத்தவளுக்குக் கொத்து, வாசலில் வந்து நிற்கிறவனுக்கு ஒரு கை, இதெல்லாம் எந்தப் பாரத்திலும் இல்லை. ஒரு சிறு சம்சாரியின் குலுக்கையிலிருந்து ஐந்தாறு வீடு பிழைத்தது. அரசாங்கத்தின் கணக்கு ஒரு வீட்டைத்தான் பார்த்தது. கொள்முதல் இல்லாவிட்டால் டவுன் ஏழைக்குப் பங்கீட்டுக் கடையில் அரைப்படியும் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வங்காளம்போல் இங்கே ஜனங்கள் தெருவில் விழாமல் இருந்ததில் அந்தக் கடைகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த அரைப்படியின் சுமை எவன் தலையில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால், பெரிய பண்ணைக்கு இரண்டு குலுக்கையை மறைக்க இடம் இருந்தது. சின்னவனுக்கு இருந்ததே ஒரு குலுக்கை, வாசலில் நின்றாலே தெரியும்.

ஊருக்குச் சொல்லிக் கேட்க ஆளும் இல்லை. விருதுநகர்க்காரரான காமராஜர் 1940 டிசம்பரில் கைதானவர், சிறையில் இருக்கும்போதே 1941-இல் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்து பதவியேற்று, அதே நாளில் விலகினார். 1942 ஆகஸ்டில் பம்பாயில் தீர்மானம் முடிந்து திரும்பியவர், வழியில் போலீஸ் கண்ணில் படாமல் ஜில்லா ஜில்லாவாக வேலையை முடித்துவிட்டு விருதுநகர் வந்து, நான் தயார் என்று தாமே சொல்லி அனுப்பிக் கைதானார். மீண்டும் ஊர் திரும்பியது 1945-இல். அந்த மூன்று வருஷம்தான் குலுக்கைகளின் மோசமான மூன்று வருஷம்.

இனித் தீப்பெட்டி.

சிவகாசியில் அப்போதே தீப்பெட்டி ஆபீஸ்கள் பல. எங்கள் பக்கத்தில் ஃபாக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். 1934-இல் தீப்பெட்டிமேல் கலால் வரி வந்தபோது சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை கிடைத்தது, அதனால் கைவேலை நிலைத்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் புதிதாக வந்தன. உரிமம் பெற்றுத்தான் பட்டாசு செய்யலாம் என்ற ஒழுங்கு பிறந்தது. யுத்தத்தால் சீனத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பட்டாசு நின்றுபோனது. மருந்துச் சரக்குக்குத் தட்டுப்பாடுதான், ஆனால் போட்டி இல்லை. இன்றைய பட்டாசுத் தொழிலின் ஒழுங்கான பிறப்பை அந்த வருஷங்களில் வைப்பது வழக்கம்.

நம் வீட்டில் இது ஒரு சாக்கு மூட்டையாக வந்தது. 1943-இன் கோடை. கம்பு வந்தது, அதில் கொள்முதல் போயிற்று. பருத்தி இரண்டு எடுப்போடு நின்றுவிட்டது. எருமையை ஏற்கெனவே விற்றாயிற்று. பக்கத்து ஊர் ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கு வீடு மரச்சீவலும் காகிதமும் கொடுத்தார். சீவலை மடித்து, காகிதம் சுற்றி, பசை தடவி ஒட்டினால் பெட்டி. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. பகலில் காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் சாயங்கால வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். வெளிச்சம் போனதும் தொழில் நின்றது. சீமெண்ணெய் இல்லாத ஊரில் தீப்பெட்டி ஒட்டுவதற்கு விளக்கு இல்லை.

கொஞ்ச நாளில் பெரிய பிள்ளை, வயது பதினொன்று, சிவகாசி ஆபீஸுக்கே கட்டை அடுக்கப் போனாள். வரி வரியாகப் பள்ளம் வெட்டிய மரச் சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக வைத்து அடுக்க வேண்டும், ஒன்று மேல் ஒன்று ஒட்டாமல், தலை நீட்டி நிற்கும்படி. பிறகு அந்தச் சட்டத்தை அப்படியே மருந்தில் முக்குவார்கள். அதற்கு மெல்லிய விரல் வேண்டும் என்றார்கள். விரல் வேகத்துக்குத்தான் காசு. விடியுமுன் ஊரிலிருந்து எட்டுப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடப்பார்கள். போகும்போது தூக்குச்சட்டியில் கூழ். வரும்போது முந்தானை முடிச்சில் ஓட்டைக் காலணாக்கள். வாரக் கடைசியில் அந்தக் காசை ஆத்தா முன்னால் கொட்டும்போது பிள்ளையின் முகத்தில் இருந்த பெருமையையும் சொல்ல வேண்டும், அவள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது பொய்யாகிவிடும்.

அந்தக் காசு என்ன செய்தது? தீர்வை கட்டியது. ஆவணியில் பக்கத்து ஊர்க் கடையில், கட்டுப்பாட்டு விலைக்கு மேலே கொடுத்து, இரண்டு மரக்கால் கம்பு வாங்கியது. வித்துப் பானையின் சாணி மெழுக்கு உடையாமல் இருந்தது. 1943 ஐப்பசியில் அந்த வீட்டுக்காரன் தன் புஞ்சையில் தன் வித்தையே விதைத்தான். கடன் வித்து வாங்கியவர்கள் ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு இரண்டு என்று களத்திலேயே அளந்தார்கள். அப்படி அளந்தவர்களில் பலருக்கு அடுத்த சில வருஷத்தில் புஞ்சை கை மாறியது. பத்து ஏக்கர் நிலத்தை ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் விரல்கள் பிடித்து நிறுத்தின. நிலம் தோற்றதால் தீப்பெட்டிக்குப் போனார்கள் என்று சொல்கிறோம். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால், நிலத்தை விடாமல் இருக்கத்தான் போனோம் என்றிருப்பார்கள்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தி விளைகிற ஊரில் கட்டத் துணி இல்லை. 1943-இல் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு சேலையை நடுவில் கிழித்து, ஓரத்தை உள்ளே வைத்துத் தைத்து இரண்டாவது வருஷம் கட்டினார்கள். மாமியாரும் மருமகளும் வெளியே போக ஒரே நல்ல சேலை இருந்த வீடுகளும் உண்டு. ஒருத்தி போய் வந்தபின் மற்றவள் போவாள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போவதென்றால் யார் போவது என்று வீட்டுக்குள் ஏற்பாடு நடக்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்து, ஈரச் சேலையோடு நின்று பெண்கள் வேண்டிக்கொண்டது பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்காகவும் ஐப்பசி மழைக்காகவும். ஹிட்லர், சர்ச்சில் பெயரெல்லாம் ஆண்கள் திண்ணையில் பேசியது.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. பங்கீடு முடியவில்லை. நாற்பதுகளின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. சுதந்திரம் வந்து, கொடி மாறி, தானியக் கட்டுப்பாடு மட்டும் நின்றது. 1952 ஜூனில் முதல்வர் ராஜாஜி ஒரே அறிவிப்பில் அதை எடுத்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இருபது வயது. கல்யாணமாகிக் கோவில்பட்டிப் பக்கம் போயிருந்தாள். தாய் வீட்டுக்கு வந்து திரும்பும்போது அவள் அம்மா ஒரு மூடை கம்பை வண்டியில் தூக்கி வைத்தாள். மேலே எதையும் போட்டு மூடவில்லை.

அடுத்த இதழில்: ஐம்பதுகளின் வறட்சியும், கரிசலுக்குள் சீமைக் கருவேலம் வந்த கதையும்.

(தொடரும்)